பதில்: லீவு நாளிலும் நான் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆபீஸ் செயலி

நண்பரே, மருந்து விற்பனை வேலைக்காக உங்கள் சொந்த போனில் ஏற்றச் சொன்ன செயலி, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன இடத்தையும் மேலாளருக்குக் காட்டுகிறது, அழித்தால் சம்பளம் பிடிப்போம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் ஆண்ட்ராய்டு அமைப்புகளில் அந்தச் செயலியின் லொகேஷன் அனுமதியைப் பாருங்கள். ‘எப்போதும்’ என்று இருந்தால் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றிவிட்டு, வேலை முடிந்ததும் செயலியை முழுதாக மூடுங்கள். சில செயலிகள் இதற்கு அடம்பிடிக்கும். அப்படியென்றால் ஆபீஸ் போன் தனியாகக் கேளுங்கள். என் தம்பி அப்படித்தான் வாங்கினான். இரவு ஏழானால் அணைத்து அலமாரியில் வைத்துவிடுவான்.

சரி, சட்டம்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் தன் இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக்கூட 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் இவை பெரும்பாலும் அரசை நோக்கிய உரிமைகள். தனியார் கம்பெனி முன் நேராக நீட்டுவது எளிதல்ல. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வேலை தொடர்பாக நம் தகவலை முதலாளி பயன்படுத்த இடம் விட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனது எந்த வேலையில் சேரும் என்று ஹெச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.