ஜாக்கி ஆக வேண்டும் என்று கேட்கும் மகன்

வணக்கம் அம்மா. ஜாக்கி ஆக வேண்டும், அதாவது ரேஸில் குதிரை ஓட்ட வேண்டும் என்கிற உங்கள் மகன் போன சனிக்கிழமை என் எதிரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மேசையில் வைத்த தண்ணீரைத் தொடவேயில்லை. ஏன் தம்பி என்று கேட்டேன். "எடை ஏறிடும் சார்" என்றான். பதினைந்து வயதுப் பையன். நீங்கள் பயந்து கேட்டது சூதாட்டத்தைப் பற்றி. எனக்கோ அந்தத் தண்ணீர்தான் இன்னும் மனதை உறுத்துகிறது.

சூதாட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஜாக்கி பந்தயம் கட்டக் கூடாது என்பது விதி. மீறினால் உரிமமே பறிபோகலாம். அவருக்கு வருமானம் ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு கட்டணம், ஜெயித்தால் பரிசுப் பணத்தில் ஒரு பங்கு. ட்ரெயினர், அதாவது குதிரையை ரேஸுக்குப் பழக்குகிறவர், கூப்பிட்டுக் குதிரை கொடுத்தால்தான் அதுவும்.

இப்போது எடை. எந்தக் குதிரை எவ்வளவு சுமக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். இந்தியன் டெர்பி என்ற பெரிய ரேஸில் ஆண் குதிரைக்கு 57 கிலோ. மற்ற ரேஸ்களில் 50 கிலோவுக்கும் இறங்கும். ஜாக்கியின் எடையும் சேணமும் அதில் அடக்கம். ஓடுவதற்கு முன் சேணத்தைக் கையில் ஏந்தித் தராசில் ஏற வேண்டும், ஜெயித்துத் திரும்பினால் மறுபடியும் ஏற வேண்டும். எடை குறைந்தால் ஈயத் தகடு வைத்துச் சரிக்கட்டலாம். கூடினால் உடம்பைத்தான் வற்றவைக்க வேண்டும். பட்டினி, நீராவி அறை என்று வற்றிய உடம்போடு, 450 கிலோவுக்கும் மேலான குதிரையின் மேல், சேணத்தில் உட்காராமல் அங்கவடியில் (கால் வைக்கும் வளையத்தில்) குந்தி நின்றபடி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு நொடி தலை சுற்றினால் என்ன ஆகும்?

அதனால் எந்த முடிவுக்கும் முன் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்த்தால், இன்னும் எவ்வளவு வளர்வான் என்று ஓரளவு சொல்லிவிடுவார். உங்கள் வீட்டுக்காரர் ஐந்தடி பத்தங்குலம் என்றீர்கள். மகனும் அப்படி வளர்ந்தால் இந்தத் தொழில் அவனுக்கு ஒத்துவராது, எவ்வளவு ஆசை இருந்தாலும். இதை இப்போதே சொல்லிவிடுவதுதான் அவனுக்கு நாம் செய்யும் நல்லது.

வளர மாட்டான் என்றால் அப்புறம் பேசலாம். ரேஸ் நடத்தும் பெங்களூரு டர்ஃப் கிளப்பில் அப்ரென்டிஸ் ஜாக்கி, அதாவது தொழில் பழகும் ஜாக்கி, பயிற்சிப் பள்ளி இருக்கிறது. விடியுமுன் எழுந்து லாயத்தில் வேலை செய்யப் பழக வேண்டும். புது அப்ரென்டிஸ் ஓட்டினால் குதிரை சுமக்க வேண்டிய எடையில் சலுகை உண்டு; அதற்காகவே ட்ரெயினர்கள் கூப்பிடுவார்கள். ஜெயிக்க ஜெயிக்க அந்தச் சலுகை குறைந்துகொண்டே வரும். அது தீர்ந்த பிறகும் யாரைக் கூப்பிடுகிறார்களோ அவர்தான் நிலைக்கிறார். ஜாக்கி சூரஜ் நரேடு பெயரை உங்கள் மகன் மூன்று முறை சொன்னான். அவர் ரேஸ் குடும்பத்துப் பிள்ளை. குதிரை வாசமே இல்லாத வீட்டிலிருந்து போகிறவனுக்கு முதல் சில வருடங்கள் கூடுதல் கடினம்தான்.

உள்ளூரிலேயே இருப்பான் என்றும் நினைக்காதீர்கள். ஊட்டி ரேஸ் நிலத்தையும் கிண்டி ரேஸ் நிலத்தையும் 2024-இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், மும்பை, புனே என்றுதான் அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். ரேஸைப் பற்றிப் பேசியதைவிட, நொண்டிய குதிரையின் காலைத் தடவிப் பார்த்ததைச் சொன்னபோதுதான் அவன் முகம் மலர்ந்தது. கால்நடை மருத்துவம் ஐந்தரை வருடப் படிப்பு. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும். எனவே பள்ளியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பாடப்பிரிவிலேயே சேருங்கள், ஜாக்கி ஆனாலும் ஆகாவிட்டாலும்.

எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வரும் சனிக்கிழமை மூவருமாக வாருங்கள். பையனைக் காலையில் வயிறாரச் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள்.