பிக்சல் எழுத்துருவுக்குக் காசு கொடுக்க வேண்டுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவி. பழைய கம்ப்யூட்டர் ஸ்கிரீன் மாதிரி, சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன பிக்சல் எழுத்தில் கோட் எழுத ஆசை. ஒரு சின்ன கேமும் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு தளத்தில் 50 ரெட்ரோ எழுத்துருக்கள் கொண்ட தொகுப்பு 1,499 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். தள்ளுபடி இன்றிரவோடு முடிகிறதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசைக் கையிலேயே வைத்திருங்கள். நீங்கள் கேட்பதில் நல்லவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு தொகுப்பை வாங்கினேன். ஜிப் ஃபைலைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசி எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடியவை. கூடவே இருக்க வேண்டிய உரிம ஃபைலை மட்டும் நீக்கியிருந்தார்கள். அவை எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வந்தவை. எழுத்துருவைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது என்பதுதான் அந்த உரிமத்தின் முதல் நிபந்தனையே. உழைத்து வரைந்தவர் இலவசமாகக் கொடுத்ததை வேறொருவர் விற்றுக் காசு பார்ப்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கேமுக்கு 'பிரஸ் ஸ்டார்ட் 2பி' போதும். 1980களில் நாம்கோ நிறுவனத்தின் ஆர்கேட் கேம்களில் (காசு போட்டு ஆடும் கேம் மெஷின்கள்) வந்த எழுத்தை ஒட்டியது. ஒவ்வொரு எழுத்தும் 8-க்கு 8 கட்டத்துக்குள் அடங்கும். ஆனால் கோட் எழுத இதை வைத்துக்கொள்ளாதீர்கள். எழுத்து சதுரமாக இருப்பதால் 16 பிக்சல் அளவில் 80 எழுத்து கொண்ட ஒரு வரிக்கே 1,280 பிக்சல் அகலம் போய்விடும். கோடுக்கு 'டெர்மினஸ்' நல்லது. அதன் 8-க்கு 16 அளவில் அதே வரி 640 பிக்சலில் முடிந்துவிடும். பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும், ஒன்றும் சின்ன எல்லும் குழம்பாமல் தெரியும். எந்த எழுத்துருவை எடுத்தாலும் முதலில் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். பச்சை ஸ்கிரீன் டெர்மினல் சாயல் வேண்டுமென்றால் 'விடி323' இருக்கிறது. டெக் (DEC) என்ற பழைய கம்ப்யூட்டர் நிறுவனத்தின் விடி320 டெர்மினல் எழுத்தைப் பார்த்துச் செய்தது. பழைய ஐபிஎம் கம்ப்யூட்டர்களின் விஜிஏ ஸ்கிரீனில் வந்த எழுத்து அப்படியே வேண்டுமென்றால் 'அல்டிமேட் ஓல்ட்ஸ்கூல் பிசி ஃபான்ட் பேக்'. இதுவும் இலவசம்தான், ஆனால் உரிமம் வேறு: கிரியேட்டிவ் காமன்ஸ். செய்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும், எழுத்துருவை மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

எதைப் போட்டாலும் மங்கலாகத் தெரிகிறது என்று பலர் புலம்புகிறார்கள். எழுத்துருவில் குறை இல்லை, அளவில்தான் குறை. 8 கட்டத்தில் வரைந்த எழுத்தை 8, 16, 24 என்று மடங்குகளில்தான் வைக்க வேண்டும். 13 என்று வைத்தால் ஒரு கட்டம் ஒன்றரை பிக்சலுக்கு மேல் போய் ஓரம் கலங்கிவிடும். இன்னொன்று, நிறைய லேப்டாப்களில் விண்டோஸ் டிஸ்ப்ளே அளவு 125 சதவீதத்தில் இருக்கும். நீங்கள் 16 என்று வைப்பது அங்கே 20 ஆகிவிடும். அதை 100 அல்லது 200-க்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். பொழுதுபோக்காக ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டும் சின்ன ஓஎல்இடி டிஸ்ப்ளேயும் வைத்து பஸ் ஊர்ப்பலகை மாதிரி ஒன்று செய்கிறேன். ஆங்கிலம் சரியாக வருகிறது. தமிழில் 'புதுச்சேரி' என்று போட்டால் சே உடைந்துபோய், கொம்பு ச-வுக்குப் பின்னால் வருகிறது. காசு கொடுத்து நல்ல தமிழ் பிக்சல் எழுத்துரு வாங்கினால் சரியாகுமா?

பதில்: சரியாகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நினைப்பில் காசை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

யூனிகோடில் (எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் எண்களாகச் சேமிக்கும் முறை) சே என்பது முதலில் ச, அடுத்து இரட்டைக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரு மென்பொருள் நடுவில் நின்று கொம்பை முன்னால் தூக்கி வைக்கிறது. கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் பிரித்து வைக்கிறது. உங்கள் சின்ன போர்டில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை. வந்த வரிசையில் வரைந்துவிடுகிறது. 'யூனிஃபான்ட்' என்ற இலவச எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் 16 பிக்சல் உயரத்தில் உண்டு. அதிலும் இதே கதைதான், குறியீட்டு எண்ணுக்கு ஒரு படம் என்று மட்டுமே இருக்கும்.

அதனால் எழுத்துகளை நீங்களே படங்களாக வைத்துக்கொள்ளுங்கள். 247 எழுத்து என்றதும் மலைக்க வேண்டாம். 18 மெய்களுக்கும் அகரம், புள்ளி வைத்தது, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு வடிவம்: 108. இவற்றைத் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும், ஏனென்றால் கு, சு, டு, ணு ஒவ்வொன்றும் ஒரு விதமாகச் சுழிக்கிறது. மற்றவற்றுக்குக் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி என்ற நான்கு துண்டுகள் போதும். ஔகாரத்தின் வலப்பக்கத்துக்கு ள இருக்கிறது. உயிர் 12, ஆய்தம் 1. மொத்தம் 125 படங்கள். 16-க்கு 16 என்றால் ஒன்றுக்கு 32 பைட், ஆக 4,000 பைட். ஆர்டுயினோ ஊனோ போர்டில் 32 கிலோபைட் ஃபிளாஷ் (கரன்ட் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கிறது, தாராளமாக அடங்கும். படங்களை ஃபிளாஷிலேயே வையுங்கள், ராமில் ஏற்றாதீர்கள். ராம் 2 கிலோபைட்தான், அதில் 128-க்கு 64 ஸ்கிரீனை முழுதாக வைத்துக்கொள்ளவே 1,024 பைட் போய்விடும்.

கிரந்த எழுத்தை மறந்துவிடாதீர்கள். ஜிப்மர், லாஸ்பேட்டை, அஜந்தா சிக்னல் என்று நம் வழித்தடத்தில் ஜ-வும் ஸ-வும் இல்லாமல் முடியாது. ஐகாரம், ஔகாரம், ண மாதிரி அகலமான வடிவங்களுக்கு 24 பிக்சல் வரை இடம் விடுங்கள். 8 பிக்சலில் தமிழை அடக்கப் பார்க்காதீர்கள். ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் அங்கே ஒன்றாகத்தான் தெரியும். 'கடலூர்' நான்கே எழுத்து, 64 பிக்சலில் முடிந்துவிடும். 'திருப்பாதிரிப்புலியூர்' 128 பிக்சலில் நிற்காது, அதை ஓடவிட வேண்டியதுதான்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கி முதலில் பென்சிலால் வரையுங்கள். நீங்கள் செலவு செய்ய வேண்டியது அதற்கு மட்டும்தான். வரைந்து முடித்ததை ஓப்பன் லைசென்ஸில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. தமிழில் இப்படிப்பட்ட எழுத்துரு மிகக் குறைவு, அடுத்து செய்ய வருபவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

கேள்வி: புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் டி-ஷர்ட் விற்கிறேன். வீடியோ கேம் எழுத்தில் ஊர்ப்பெயரை பிரெஞ்சில் போட்டு அடிக்கலாம் என்றிருக்கிறேன். இறக்கிய எழுத்துருவில் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம்' என்று இருக்கிறது. பிரச்சினை வருமா?

பதில்: விற்பதற்காக அடிக்கும் டி-ஷர்ட் சொந்த உபயோகம் ஆகாது. பத்து பீஸ் அடித்தாலும் அது வியாபாரம்தான். அந்த எழுத்துதான் வேண்டுமென்றால் செய்தவருக்கு எழுதி வணிக உரிமம் வாங்குங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன பிரஸ் ஸ்டார்ட் 2பி எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் உள்ள எழுத்தை வைத்து அடித்து விற்கத் தடை இல்லை.

பிரெஞ்சு என்பதால் இன்னொரு சோதனையும் உண்டு. ஊர்ப்பெயரில் e எழுத்தின் மேல் ஒரு சாய்ந்த கோடு வரும். வேறு சொற்களில் c எழுத்தின் கீழ் வால் வரும். பல பிக்சல் எழுத்துருக்களில் இவை இல்லை, வெற்றுக் கட்டமாகத் தெரியும் அல்லது வேறு எழுத்துருவிலிருந்து வந்து ஒட்டாமல் நிற்கும். ஸ்கிரீன் பிரின்ட்டிங் கடைக்குப் போவதற்கு முன் வார்த்தையை முழுதாக அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 'தமிழ் உண்டு' என்று போட்டிருந்ததால் 600 ரூபாய் கட்டி ஒரு எழுத்துருவை இறக்கினேன். தமிழ் அடித்தால் வெறும் கட்டங்கள். டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பத் தர மாட்டோம் என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா? (நெல்லிக்குப்பம்)

பதில்: விட வேண்டாம். 2020-இன் மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது. முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மேலே போக வேண்டி வந்தால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. தளம் வெளிநாட்டுடையது என்றால் இந்த வழி கடினம். கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் தகராறு மனு கொடுங்கள்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் 'தமிழ் உண்டு' என்று இருக்கும் அந்தப் பக்கத்தை, தேதி தெரியும்படி இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போனதும் அந்த வரியை மாற்றிவிட வாய்ப்பு இருக்கிறது.