சாக்கடை விழுறது ஒரு மூலையில, நாத்தம் மடைகிட்ட!

கேள்வி: எங்க கண்மாயில வடக்கு மூலையில ஒரே ஒரு இடத்துலதான் சாக்கடை கலக்குது. ஆனா அதுக்குப் பக்கத்துக் கரையோரம் தண்ணி தெளிவா இருக்கு, தெக்க மடைகிட்ட கறுத்து நாறுது. நடுவுல சம்புக்கோரை காடா நிக்குதே, அது வடிகட்டாதா?
- வாசகர், மேலூர் பக்கம்

பதில்: அழுக்கு தானா பரவுறதுங்கிறது ரொம்ப ரொம்ப மெதுவுங்க, துளிகூட அசையாத தண்ணியில கரைஞ்ச உப்பு ஒரு மீட்டர் நகரவே பத்து வருசத்துக்கு மேல ஆகும். தூக்கிட்டுப் போறது ஓட்டம்தான். மடை திறந்திருந்தா எந்தப் பக்கம் ஆழமா, புல் இல்லாம இருக்கோ அந்தத் தடத்துல தண்ணி வேகமா போகும், சாக்கடையும் கூடவே போயிரும், ஓரத்துத் தண்ணி அப்படியே தேங்கி நிக்கும். அதான் கிட்டக்க தெளிவு, தூரத்துல நாத்தம்.

ஒரே நேரத்துல விழுந்த அழுக்குகூட ஒண்ணா போய்ச் சேராது. மேல வேகம், தரைகிட்ட மெதுவு, அதனால கொஞ்சம் முன்னாடி ஓடிரும் கொஞ்சம் பின்னாடி இழுபடும், இப்படி நீளமா பரவுறதை டெய்லர்ங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி 1953ல குழாய்த் தண்ணிய வச்சு கணக்குப் போட்டுக் காட்டினார்.

சம்பு நல்லதுதாங்க, சந்தேகமே வேணாம். ஒரு தண்டைக் குனிஞ்சு பாருங்க, தண்ணி ரெண்டா பிரிஞ்சு போகும், பின்னாடி சின்னதா சுழி விழும், அதுல ஒரு தூசி மாட்டிச் சுத்திட்டு கொஞ்சம் கழிச்சுதான் விடுபடும். அந்த நேரத்துல மண்டி கீழ படியுது, தண்டுல வழுவழுன்னு ஒட்டியிருக்க நுண்ணுயிர் அழுக்கைத் தின்னுது. ஆனா தண்ணி சம்புக்குள்ள பூந்து போகணும்ல! உங்க கண்மாயில சம்பு நடுவுல திட்டா நின்னு ரெண்டு பக்கமும் திறப்பா இருந்தா சுத்திக்கிட்டுப் போயிரும். சாக்கடை விழுற இடத்துல, மிதக்குற எலுமிச்சம்பழமா பாத்து நாலஞ்சு போட்டுப் பாருங்க, எந்தத் தடத்துல போகுதுன்னு தெரிஞ்சிரும். ஆகாயத்தாமரைய வச்சு முடிவு பண்ணாதீங்க, அது காத்தடிக்கிற பக்கம் போறது.

இன்னொண்ணு, சாக்கடைய நிறுத்தினாலும் உடனே சரியாகாது. சேத்துல ஒட்டியிருக்க பாஸ்பரஸ், அதான் பாசிய வளக்குற சத்து, அடியில ஆக்சிஜன் தீந்தா திரும்பத் தண்ணிக்கு வந்துரும். அடுத்து குடிமராமத்து நடந்தா, சாக்கடை வந்து விழுற வாய்ல இருக்க சேத்தை முதல்ல அள்ளச் சொல்லுங்க, அங்கதான் அதிகமா படிஞ்சிருக்கும்.