ஒரு கரண்டி நியூத்திரன்

ஜனவரி இரவொன்றில் உப்புவெளிக் கடற்கரையில் வானம் பார்க்கக் கூடியபோது என்னிடம் கேட்டவையும் நான் சொன்னவையும்.

உயர்தர மாணவி: சேர், கதைகளில வாற “நியூத்திரோனியம்” ஆவர்த்தன அட்டவணையில எங்க இருக்கு?

இல்லை, தங்கச்சி. அணுக்கருவிலுள்ள மின்னேற்றம் இல்லாத துகள்களான நியூத்திரன்கள் மட்டுமே சேர்ந்த பொருளுக்குச் சொல்லும் பெயர் அது. 1926இல் அந்திரேயாஸ் பொன் அந்திரோபொவ் என்ற இரசாயனவியலாளர் ஐதரசனுக்கு முன்னால் பூச்சியம் என்ற இடத்தை வைத்து அந்தப் பெயரைச் சூட்டினார். சட்விக் என்ற இயற்பியலாளர் நியூத்திரனைக் கண்டுபிடித்ததோ 1932இல். பொருளுக்கு முந்திப் பெயர் வந்துவிட்டது! இப்போது அந்தச் சொல் கூடுதலாகக் கதாசிரியர்களிடம்தான் புழங்குகிறது.

கடற்றொழில் செய்யும் அண்ணை: ஒரு கரண்டி அள்ளினா எவ்வளவு பாரம்? இஞ்ச கொண்டுவர ஏலுமோ?

அப்படியான பொருள் நியூத்திரன் நட்சத்திரத்தில், அதாவது பெரிய நட்சத்திரமொன்று வெடித்தபின் மிஞ்சும் உருண்டையில்தான் இருக்கு. அதில் தேக்கரண்டி அளவு ஏறத்தாழ 200 கோடி தொன். ஆனால் அண்ணை, கொண்டுவர ஏலாததுக்குப் பாரம் மட்டும் காரணமில்லை. அங்கே சூரியனை விடக் கூடிய திணிவு, ஏறத்தாழ 20 கிலோமீற்றர் குறுக்களவுள்ள ஓர் உருண்டைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. அந்த ஈர்ப்புத்தான் நியூத்திரன்களை அமத்திப் பிடிக்கிறது. அள்ளி வெளியே எடுத்த கணமே பிடி விட்டுப்போகும். கரண்டியில் இருந்தது பெரிதாய் வெடித்துச் சிதறும். தனித்து விடப்பட்ட நியூத்திரன்களுக்கு ஆயுளும் குறைவு: ஏறத்தாழ 10 நிமிடத்தில் அவற்றில் பாதி, புரோத்தனும் இலத்திரனும் எதிர்நியூத்திரினோ என்ற நுண்துகளுமாய்ச் சிதைந்துவிடும். “பூமியைத் துளைச்சுக்கொண்டு போகும்” என்று சொல்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். துளைக்கிறதுக்கு அது முதலில் கட்டியாக இருக்க வேணுமே.

துறைமுகத்தில் வேலை செய்பவர்: அதால செய்த கவசக் கப்பல் கதைகளில வருதே?

1 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சதுர மீற்றர் தகடு மட்டும் 40,000 கோடி தொன். எங்கட துறைமுகம் எவ்வளவு ஆழமென்றாலும் மிதக்காது. கவசமென்ற எண்ணத்தை நான் ஏற்கமாட்டேன். நியூத்திரன் நட்சத்திரத்துக்குக் கிட்டப் போய் அதன் ஈர்ப்பில் சிக்கும் கதைகளைத்தான் விரும்பி வாசிக்கிறேன். அங்கே இயற்பியலே கதையை நடத்துகிறது.

இன்னொரு மாணவர்: ஆய்வுகூடத்தில நியூத்திரன்களைச் சேர்க்க ஏலாதோ?

ஜப்பானில் நடந்து 2022இல் முடிவு வெளியான பரிசோதனையில் நாலு நியூத்திரன் சேர்ந்திருந்ததற்கான அடையாளம் தெரிந்தது. நினைக்கவும் முடியாத சிறு கணம்தான்.

எட்டு வயதுத் தம்பி: மாமா, எங்க இருக்கு? காட்டுங்கோ.

அந்தச் செம்மஞ்சள் நட்சத்திரம் ரோகிணி. அதுக்குக் கிழக்கே ரிஷபத்தின் கொம்பு நுனி தெரியுதா? அதுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல், செக்கனுக்கு 30 தரம் சுத்திக்கொண்டு ஒரு நியூத்திரன் நட்சத்திரம் இருக்கு. 1054இல் சீனர் வானத்தில் புது வெளிச்சம் கண்டதாக எழுதிவைத்த இடம் அது.