சட்டம் படித்தவர் பெருங்கடலைக் காக்கும் வேலைக்குப் போக முடியுமா? அந்த வேலை எப்படி இருக்கும்?

முடியும். நானே சிங்கப்பூரில் சட்டம் படித்து, சரக்குக் கப்பல் வழக்குகளில் சில வருடம் இருந்துவிட்டு, அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

கரையிலிருந்து 200 கடல் மைல் தாண்டிவிட்டால் அந்தத் தண்ணீர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. உலகக் கடற்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்படித்தான் கிடக்கிறது. அங்குள்ள உயிர்களைக் காக்க ஓர் ஒப்பந்தம் எழுதவென்று ஐ.நா. 2018இல் கூட்டிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் ஊர் வழக்கறிஞர் ரெனா லீ. இந்தத் துறையில் நான் அண்ணாந்து பார்ப்பது அவரைத்தான்.

கோர்ட் படி ஏறுவது அபூர்வம். நாள் முழுக்க ஒப்பந்த வரைவோடுதான் வேலை. ஒத்துவராத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பார்கள். நான் முதலில் கையில் வாங்கிய பக்கத்தில் ‘செய்யலாம்’, ‘செய்ய வேண்டும்’ இரண்டும் அருகருகே அடைப்புக்குறிக்குள் இருந்தன. ‘லாம்’ நிலைத்துவிட்டால், நடுக்கடலில் ஒரு திட்டம் தொடங்குபவர் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயாமலே நழுவிவிடலாம். அந்த ஒரு சொல்லுக்காக மணிக்கணக்கில் பேசுவார்கள். பேசத்தான் வேண்டும்.

ஆழ்கடல் உயிர்களின் மரபணுவில் வரும் லாபம் யாருக்கு என்பதில்தான் பெரிய இழுபறி. பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிப்பதிலும் சிக்கல்: எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஆகும் என்றால் ஒரே நாடு முட்டுக்கட்டை போட முடியும். ஒருமித்த கருத்து வராவிட்டால் நான்கில் மூன்று பங்கு வாக்கு போதும் என்று கடைசியில் எழுதினார்கள். ஒப்பந்தத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

2022 ஆகஸ்டில் பேச்சு முடியாமலே கலைந்தது. பார்வையாளர் வரிசையில் இருந்த எனக்கு எழுந்து போகவே மனம் வரவில்லை. அடுத்த மார்ச்சில் கெடு தாண்டியும் விடிய விடியப் பேசி, 4ஆம் தேதி இரவு “கப்பல் கரை சேர்ந்துவிட்டது” என்றார் லீ. அதன் பிறகும் ஆறு மொழிப் பிரதிகளையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஜூன் 19இல் ஏற்றார்கள். 60 நாடுகள் உறுதிசெய்தபின் 2026 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்தது.

சரி, எங்கே தொடங்குவது? 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட ஒப்பந்தத்தின் ஏழாம், பன்னிரண்டாம் பகுதிகளைப் படியுங்கள். படிக்கும்போது ‘லாம்’ வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். நான் இன்றும் போடுகிறேன்.