பூஜை மண்டபத்தின் சாய்வுக் கூரைப் பட்டைகள் மூலையில் ஒட்டாமல் பிளந்து நிற்கின்றன. 3 அங்குலத் தேக்குப் பட்டை, கூரைச் சரிவு 45 டிகிரி. வெட்டியதும் 45 டிகிரியில்தான். எங்கே தவறு?

தவறு அந்த 45-லேயே இருக்கிறது. நேராக நிற்கும் பெட்டிக்கு 45 சரி. பலகை சாய்ந்துவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

நீங்கள் சொன்னபடி 3 அங்குலத் தேக்குப் பட்டை, சரிவு 45 டிகிரி. இதைப் படுக்கவைத்து வெட்டினால் மைட்டர் மெஷினை (மரத்தைக் கோணத்தில் அறுக்கும் மெஷின்) பக்கவாட்டில் 35.3 டிகிரி திருப்ப வேண்டும், பிளேடை 30 டிகிரி சாய்க்க வேண்டும். இரண்டையும் 45-ல் வைத்தால் எந்தக் காலத்திலும் மூலை சேராது.

ஆனால் நான் இந்த எண்களை வைத்து வெட்டச் சொல்ல மாட்டேன். குடியாத்தத்தில் என் பெரியப்பாவிடம் வேலை கற்றபோது அவரிடம் மைட்டர் மெஷின் கிடையாது. மூன்று பக்கம் அடைத்த ஒரு மரப்பெட்டி, அதில் 45-க்குக் கீறிய இரண்டு வெட்டு, ஒரு கைரம்பம், அவ்வளவுதான். கூரைப் பட்டையை அந்தப் பெட்டிக்குள் படுக்கவைக்க மாட்டார். மண்டபத்தின் மேல் எப்படிச் சாய்ந்து உட்காருமோ அதே சாய்வில் சாத்திவைத்து, நேராக அறுப்பார். "மரத்தைச் சாய்ச்சுக்கோப்பா, ரம்பத்தைச் சாய்க்காத" என்பார். மரம் அதன் இடத்தில் இருப்பது போலவே இருக்கும்போது, மூலையின் வெட்டு வெறும் 45-தான். இரண்டாவது கோணம் தானாகவே விழுந்துவிடுகிறது.

மைட்டர் மெஷினிலும் அதையே செய்யுங்கள். முதலில் பட்டையின் அடி விளிம்பைச் சரிவுக்கு ஏற்ப இழைத்துவிடுங்கள், அப்போதுதான் மேசையில் ஆடாமல் உட்காரும். பிளைவுட்டில் 45 டிகிரி முக்கோணம் நான்கைந்து வெட்டி ஒரு பலகையில் அறைந்து, பட்டை சாய்ந்து படுக்க ஒரு தாங்கி செய்துகொள்ளுங்கள். பட்டைக்குக் கீழே வெற்றிடம் இருக்கவே கூடாது. பிளேடு அழுத்தும்போது மரம் நழுவினால் வெட்டு கெடுவது மட்டுமல்ல, கைக்கும் ஆபத்து. பட்டையைத் தாங்கியோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிளேடு செங்குத்தாக, மெஷின் 45-ல்.

அகலப் பலகை மெஷினுக்குள் நுழையாது. அப்போது டேபிள் சா (மேசையில் பொருத்திய ரம்பம்) தான், எண்களும் தேவைப்படும். பலகை செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு எந்தக் கோணத்தின் டேன் மதிப்போ, அதுதான் மைட்டர், அதாவது பக்கவாட்டுத் திருப்பம். பலகையின் சாய்வுக் கோணத்தின் காஸ் மதிப்பை 0.7071-ஆல் பெருக்கினால் வருவது பிளேடு சாய்வின் சைன். 30 டிகிரி சாய்வுக்கு மைட்டர் 26.6, பிளேடு 37.8. இது நாலு மூலையும் செங்கோணமாக இருக்கும் சதுரம், செவ்வகத்துக்கு மட்டும்.

எந்த முறையானாலும் மெஷினில் அச்சிட்ட கோட்டை நம்பாதீர்கள். நாலு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் 4 டிகிரி வந்து நிற்கும். மூன்று மூலையும் அழகாகச் சேர்ந்து, நாலாவது மட்டும் வாய் பிளப்பது இதனால்தான். துண்டு மரத்தில் நாலு பக்கமும் வெட்டி, டேப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். எதிரெதிர்ப் பட்டைகளின் நீளம் ஒரு நூல்கூட மாறக் கூடாது, ஸ்டாப் கட்டை (பட்டையின் முனை முட்டி நிற்கும் கட்டை) வைத்து வெட்டுங்கள்.

அப்புறம், நம்ம வேலூர் வெயில். ஈரம் போகாத தேக்கில் சித்திரையில் வேலை செய்தால் எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் கத்திரி வெயில் முடிவதற்குள் இணைப்பு மேல்பக்கம் திறந்துகொள்ளும். மரம் அகலத்தில்தான் சுருங்குகிறது, நீளத்தில் அநேகமாக இல்லை. அதனால் வெட்டிய கோணமே மாறிவிடுகிறது. வாங்கிய மரத்தைப் பட்டறைக்குள் சில வாரமாவது காற்றாட அடுக்கிவைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒட்டும்போது வெட்டுமுகத்தில் முதலில் கொஞ்சம் பெவிகால் தேய்த்து ஊறவிட்டு, பிறகு இரண்டாம் பூச்சு போடுங்கள். வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும், ஒரே பூச்சு போதாது.