விஷம் வைத்தோ கிருமியைச் செலுத்தியோ கொன்றால் கண்டுபிடிக்கவே முடியாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. சென்னையில் 22 வருஷமாக கிரிமினல் வழக்குகள் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். விஷக் கொலை தப்பித்துப் போனால், பெரும்பாலும் அந்த விஷம் அபூர்வமானது என்பதால் இல்லை. இறந்த அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அல்லது வந்தும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

விஷமோ கிருமியோ வைத்துக் கொலை என்றதும் வெளிநாட்டு உளவாளிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். 1978ல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் ஜார்ஜி மார்க்கோவின் காலில் ஆமணக்கு விதை நஞ்சு வைத்த குண்டூசித் தலை அளவுக் குண்டு பாய்ந்ததே, அது மாதிரி. (விளக்கெண்ணெயில் அந்த நஞ்சு இருக்காது, பயம் வேண்டாம்.) ஆனால் நம் நாட்டிலேயே 1933ல் ப்ளேக் கிருமியால் ஒரு கொலை நடந்திருக்கிறது. இன்றைய ஜார்க்கண்டில் இருக்கிற பாக்கூர் ஜமீன் குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு. நவம்பர் 26 அன்று தம்பி அமரேந்திரா ஹௌரா ஸ்டேஷனில் ரயிலேறப் போகும்போது எவனோ ஒருவன் இடித்துவிட்டுப் போக, கையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. டிசம்பர் 4ஆம் தேதி ஆள் இல்லை.

அவருடைய ரத்தத்தை முன்பே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்ததால்தான் வழக்கே பிழைத்தது. முடிவு வந்தது அவர் போன பிறகு, அதில் ப்ளேக் என்று இருந்தது. அந்தக் கிருமி என்ன கடையில் கிடைக்கிற சரக்கா? யார் கேட்டார்கள், எங்கே கேட்டார்கள் என்று தேடிக்கொண்டே போனதில், தாராநாத் என்ற டாக்டர் அதே வருஷம் பம்பாயில் தொற்றுநோய் மருத்துவமனை வரை போய் ப்ளேக் கிருமியோடு வேலை பார்த்தது வெளியே வந்தது. அவரை ஏவியது மாற்றாந்தாய் வழி அண்ணன் பினயேந்திரா. இருவருக்கும் மரண தண்டனை விதித்தார்கள், பிறகு உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது.

2020ல் கேரளாவில் ஒருவர் நல்லபாம்பைக் கொண்டுவந்து தூங்குகிற மனைவியைக் கடிக்க வைத்தார். பாம்பு தானாகக் கடித்தால் பல் தடங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, தலையை அழுத்திப் பிடித்துக் கடிக்க வைத்தால் எவ்வளவு என்று பொம்மையை வைத்துப் பரிசோதித்தே வழக்கை நிரூபித்தார்கள். அடுத்த வருஷமே இரட்டை ஆயுள் தண்டனை.

விஷத்தைத் தேடும் வேலைக்கு நம்ம ஊர் ஒன்றும் புதுசு இல்லை. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849ல் மெட்ராஸில்தான் தொடங்கியது. இன்றைக்கும் சந்தேக மரணம் என்றால் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளைப் பாட்டிலில் கெட்டி உப்புக் கரைசலில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். அந்த உள்ளுறுப்புப் பரிசோதனை முடிவு, அதாவது விசரா ரிப்போர்ட் வந்தால் வக்கீல்கள் நாங்கள் முதலில் பார்ப்பது விஷத்தின் பெயரை இல்லை, முத்திரை உடையாமல் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான். அப்புறம் 1984ல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாலு விஷயம் இருக்கிறது: கொல்லக் காரணம் இருந்ததா, விஷத்தால்தான் இறந்தாரா, குற்றம் சாட்டப்பட்டவர் கையில் அந்த விஷம் இருந்ததா, கொடுக்க அவருக்கு வாய்ப்பு இருந்ததா. இரண்டாவதற்கு உடல் வேண்டும்.

அங்கேதான் எனக்கு மனசு வலிக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை, ராத்திரி வாந்தி, விடியற்காலை உயிர் போய்விட்டது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்தால் பெற்றவர்கள் ஒரு புகார் எழுதிக் கொடுத்தாலே போதும், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை, போஸ்ட்மார்ட்டம் எல்லாம் நடக்கும், அது அவருக்குத் தெரியாது. "பொண்ணு உடம்பை அறுக்கணுமா"ன்னு சொந்தக்காரர்கள் கேட்டதும் இவரும் அடங்கிவிட்டார், மத்தியானத்துக்குள் தகனம் முடிந்துவிட்டது. புதைத்திருந்தாலாவது தோண்டிப் பார்க்கக் கேட்கலாம், எரித்த பிறகு என்ன செய்ய?

இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒரு சந்தேகம் வந்தால், யார் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காதீர்கள். எரிப்பதற்கு முன்னால் 100க்கு ஒரு போன் போடுங்கள்.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வாயை நூலால் கட்டியிருந்தது. "தம்பி, கடைசியா இதுலதான் பால் குடிச்சாளாம். கழுவாம வச்சிருக்கேன், இதுல எதுனா தெரியுமா பாருங்க" என்றார். ஒன்றரை வருஷம் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார். அதை வைத்து வழக்கு நிற்காது என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.